5.1 சவுண்ட் சரியில்லையா? என்ன கோளாறோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்

ஹோம் தியேட்டர் ரிசீவரோடு (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி) வந்த மைக்கை சோபாவில் வைத்து, அறையை அளந்து எண்களைத் தானே போடும் ஆட்டோ செட்டப்பை ஓட்டி, ஐந்து ஸ்பீக்கரும் சப்பும் (பாஸுக்கென்று தனியாக இருக்கும் சப்வூஃபர்) வரிசையாகக் கத்தி முடித்து, திரையில் டிக் மார்க்கும் வந்துவிட்டது. படம் போட்டால் மட்டும் எங்கோ இடிக்கிறது. வசனம் புரியவில்லை, பின்னால் மாட்டிய ஸ்பீக்கர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, சப் ஒரே குடைச்சல். அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆட்டோ செட்டப்புக்கு டெனான், மரான்ட்ஸ் என்றால் ஆடிஸி, யமஹா என்றால் ஒய்பிஏஓ, பயனியர் என்றால் எம்சிஏசிசி, பெயர்தான் வேறு, எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. ஆனால் இடது வலது ஒயர் மாறியிருப்பதோ, டிவி ஸ்டீரியோ மட்டும் அனுப்புவதோ, செண்டர் ஸ்பீக்கர் அலமாரிக்குள் புதைந்திருப்பதோ அந்த மைக்குக்குப் புரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். அதனால் கீழே எந்தக் கோளாறை எடுத்தாலும் எண்ணைக் கடைசியில்தான் தொடச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன்

மெனுவில் இப்போது இருக்கும் எல்லா எண்களையும் (ஸ்பீக்கர் சைஸ், கிராஸ்ஓவர், தூரம், லெவல்) போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை இரவு 11 மணிக்கு ஆரம்பித்து, 1 மணிக்கு எது பழையது எது புதியது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு இஞ்ச் டேப், போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப். ஐபோன் இருந்தால் நயோஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனத்தின் இலவச ஆப் நன்றாக இருக்கும். எந்த ஆப்பானாலும் அதில் 'சி' வெயிட்டிங், 'ஸ்லோ' என்று மாற்றிக்கொள்ளுங்கள், இது முக்கியம். பல ஆப்கள் 'ஏ' வெயிட்டிங்கில்தான் திறக்கும். 'ஏ' மனிதக் காதைப் போலத் தாழ்ந்த சத்தத்தைக் குறைத்துக் காட்டும், 63 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 26 டெசிபல் குறைவாக. அதை நம்பி சப்பை ஏற்றினால் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிடுவார். 'சி'யில் அதே இடத்தில் வித்தியாசம் 1 டெசிபல்கூடக் கிடையாது. ஆனாலும் போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடித்தள பாஸை முழுதாக எடுக்காது. ஐந்து ஸ்பீக்கரையும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும், சப்புக்கு மட்டும் அது சொல்வதைப் பாதிதான் நம்புங்கள்.

போனைக் கையில் பிடிக்காமல், நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், ஏசியையும்தான். சமையலறையில் மிக்ஸி ஓடினால் அது முடியும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் வியர்த்தால் பரவாயில்லை.

"பேசுறது கேக்கல, சண்டை வந்தா காது கிழியுது"

இது என் அம்மாவின் வாசகம், மாற்றாமல் அப்படியே. ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றி, சண்டைக்கு இறக்கி, பாட்டு வந்தால் மறுபடி இறக்கி, ஒரு படம் முடிவதற்குள் கட்டைவிரல் வலி வந்துவிடும்.

முதலில் செண்டர் ஸ்பீக்கரைப் போய்ப் பாருங்கள், மெனுவை அல்ல. வசனத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. நம் வீடுகளில் அது எங்கே இருக்கிறது? டிவி யூனிட்டின் தட்டுக்குள், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், அரை அடி உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில். தட்டின் மேல்பலகையும் பக்கப்பலகையும் சத்தத்தை உள்ளேயே முட்டவைத்து, குடத்துக்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்குச் சமமாகவோ அரை இஞ்ச் வெளியே நீட்டியோ இருக்கும்படி இழுங்கள். பிறகு காதை நோக்கி முகத்தை நிமிர்த்துங்கள். நான் பழைய ஹவாய் செருப்பின் குதிகாலை வெட்டி இரண்டு துண்டாக்கி முன்பக்கம் அடியில் கொடுத்தேன். ஸ்பீக்கரும் நிமிர்ந்தது, பலகை அதிர்வதும் நின்றது. வீட்டில் மட்டும் "செருப்பையா டிவி ஸ்டாண்டில் வைப்பாய்" என்று ஒரு வாரம் பேச்சு.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸை சப்பிடம் விடுவது என்ற எல்லை. ஆட்டோ செட்டப் சில நேரம் செண்டரைப் பெரிய ஸ்பீக்கர் என்று முடிவுகட்டி 'லார்ஜ்' என்றோ 40 ஹெர்ட்ஸ் என்றோ போட்டுவிடும். நான்கு இஞ்ச், ஐந்து இஞ்ச் கூம்புக்கு அது தாங்காது, ஆண்குரல் எல்லாம் சளி பிடித்த மாதிரி வரும். 'ஸ்மால்' என்று மாற்றி 80 வையுங்கள். செண்டர் ரொம்பச் சின்னதென்றால் 100. ஐந்து ஸ்பீக்கருக்கும் இதே விதிதான். 'ஸ்மால்' என்பது உங்கள் டவர் ஸ்பீக்கருக்கு அவமானம் இல்லை, பாஸை சப்பிடம் கொடுத்துவிடு என்று ரிசீவருக்குச் சொல்லும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகு லெவல். மெனுவில் டெஸ்ட் டோன் போட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உஸ்ஸென்று பிங்க் நாய்ஸ் வரும். சில ரிசீவர்கள் அதற்கென ஒரு வால்யூமைத் தாமே வைத்துக்கொள்ளும், சிலவற்றில் நாம் வைத்திருக்கும் வால்யூமிலேயே வரும். வழக்கமாக எல்லாரும் பிடிக்கும் எண் 75 டெசிபல், ஆனால் வீட்டில் 75-தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, எல்லாம் ஒன்றாக இருந்தால் போதும். முன்-இடது ஸ்பீக்கரை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அதற்குச் சமமாக்குங்கள். மீட்டர் துள்ளிக்கொண்டே இருக்கும், பத்து விநாடி பார்த்து நடுவில் எங்கே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரை டெசிபல் இப்படி அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாக செண்டரை மட்டும் 2 டெசிபல் கூட்டுங்கள், வேண்டுமானால் 3. அதற்கு மேல் போனால் குரல் படத்திலிருந்து பிய்ந்து தனியாகத் தொங்கும்.

இவ்வளவு செய்தும் அம்மா திருப்தியாகவில்லை. காரணம் எண் இல்லை, படமே அப்படி. தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் கிசுகிசுப்புக்கும் வெடிகுண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் அதிகம், நாம் வீட்டில் வால்யூமை 20, 25 டெசிபல் கீழே வைத்துக் கேட்கும்போது கிசுகிசுப்பெல்லாம் ஃபேன் சத்தத்துக்குள் மூழ்கிவிடும். இதற்குத்தான் நைட் மோட், டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன், டைனமிக் வால்யூம் என்று ரிசீவருக்கு ரிசீவர் ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னதைத் தூக்கிவிடும். ஆடியோ வெறியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இரவு 10 மணிக்குமேல் என் வீட்டில் அது எப்போதும் ஆனில்தான்.

"பின்னால ஸ்பீக்கர் பேசவே மாட்டேங்குது"

டெஸ்ட் டோன் போடுங்கள். பின்னால் உஸ்ஸென்று வந்தால் ஸ்பீக்கர், ஒயர், ரிசீவர் மூன்றும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ரிசீவருக்குள் வரும் ஒலியில். வராவிட்டால் ஒயரைப் பாருங்கள், சோபாவை இழுத்தபோது பிடுங்கியிருக்கும். வரும்போதே இடமும் வலமும் மாறி வருகிறதா என்றும் கவனியுங்கள். கார் வலமிருந்து இடம் போகும்போது முன்னால் ஒரு பக்கமும் பின்னால் எதிர்ப்பக்கமும் ஓடினால் இதுதான் விஷயம்.

டோன் வருகிறது, படத்தில் வரவில்லை என்றால் ரிசீவரின் இன்ஃபோ பட்டனை அழுத்தி உள்ளே என்ன வருகிறது என்று பாருங்கள். 'பிசிஎம்', இரண்டு சேனல் என்று காட்டினால் டிவியின் சவுண்ட் மெனுவுக்குப் போய் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ அல்லது பாஸ் த்ரூ என்று மாற்றுங்கள். ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக பிசிஎம் போனால் ஸ்டீரியோ மட்டும்தான் போகும். மாற்றிய பிறகு ஓடிடி ஆப்பிலும் அந்தப் படத்துக்கு 5.1 ஒலித்தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் தமிழ்த்தடம் ஸ்டீரியோவாகவும் இன்னொரு மொழித்தடம் 5.1 ஆகவும் இருக்கும்.

டிடிஎச் சேனல், யூடியூப் இவையெல்லாம் பெரும்பாலும் ஸ்டீரியோதான். அங்கே டால்பி சரவுண்ட் அல்லது டிடிஎஸ் நியூரல் எக்ஸ் மோடைப் போட்டால் ரிசீவர் தானாகப் பிரித்துப் பின்னால் கொஞ்சம் அனுப்பும். 'ஆல் சேனல் ஸ்டீரியோ'வைப் போடாதீர்கள், அது விருந்து நாளில் பாட்டு ஓட விடுவதற்கு.

இன்னொன்று. 5.1 படத்திலும் பின் ஸ்பீக்கர் பல நிமிடங்கள் சும்மாதான் இருக்கும், இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்னாலிருந்து எதற்குச் சத்தம்? மழைக்காட்சியில் சோதியுங்கள்.

"பின்னால் இருக்கிறது மட்டும்தான் கேக்குது"

சோபா ஓரத்தில் உட்காருபவரின் புகார் இது. ஸ்பீக்கர் அவர் காதுக்கு இரண்டடியில் இருக்கும். 5.1-க்குப் பின் ஸ்பீக்கர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் பக்கத்தைவிடச் சற்றுப் பின்னால், முன்னால் பார்க்கும் திசையிலிருந்து 110 முதல் 120 டிகிரியில் இருக்க வேண்டும். காதைவிட இரண்டடி மேலே மாட்டிவிட்டால் ஓரத்துக்காரருக்குத் தொல்லை பாதியாகும். காதைக் குறிபார்த்துத் திருப்பாமல் எதிர்ச்சுவரைப் பார்க்க வையுங்கள். பிறகும் உறுத்தினால் லெவலில் 1 டெசிபல் குறைக்கலாம்.

ஆடிஸி உள்ள ரிசீவராக இருந்து, வால்யூம் குறைவாக வைக்கும்போது மட்டும் பின்பக்கம் தூக்கலாக இருந்தால், அது டைனமிக் ஈக்யூ செய்கிற வேலை. குறைந்த வால்யூமில் பாஸையும் பின் ஸ்பீக்கர்களையும் அது ஏற்றிவிடும். அதன் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை 0-விலிருந்து 10 அல்லது 15-க்கு மாற்றிப் பாருங்கள்.

"சத்தம் இருக்கு, ஆனா எங்கேயும் நிக்கல"

குரல் திரைநடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, தலைக்குள் ஏதோ அழுத்துவதுபோல் இருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. எங்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்க ஸ்பீக்கரைக் கழற்றி நானேதான் திரும்ப மாட்டினேன், ஒரே நிற ஒயர், இருட்டு மூலை, வலது முன் ஸ்பீக்கர் தலைகீழ். மூன்று நாள் ரிசீவரைத் திட்டினேன்.

சோதிக்க ஸ்டீரியோ மோடில் ஒரு பழைய பாட்டைப் போடுங்கள், பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரே ஒரு ஸ்பீக்கரில் ஒயரை மாற்றி மாட்டி மறுபடி கேளுங்கள் (ரிசீவரை அணைத்துவிட்டு). குரல் சட்டென்று நடுவுக்கு வந்து, பாஸும் கூடினால் முடிந்தது. ஒயரின் எந்த நுனி எது என்றே தெரியாவிட்டால் ரிசீவர் பக்கத்தில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை அந்த நுனிகளில் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட நுனிதான் பிளஸ். பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

"சப் ஓடுது, பாஸ் இல்ல"

இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். ஆட்டோ செட்டப் முடிந்து தூரப் பட்டியலைப் பார்த்தால் எல்லா ஸ்பீக்கரும் சரியாக இருந்தன, சப் மட்டும் 17 அடி என்று இருந்தது. என் ஹாலே 12-க்கு 14 அடி. மெஷின் உளறுகிறது என்று டேப்பைப் பிடித்து அளந்தேன், 9 அடி. 9 என்று மாற்றினேன். அன்றிலிருந்து அடி விழும் இடத்தில் பொத்தென்று ஒரு வெறுமை. லெவலை ஏற்றினேன், சப்பின் குமிழைத் திருகினேன், சப்பையே மாற்றலாமா என்று விலைகூடப் பார்த்தேன்.

மெஷின் உளறவில்லை. ரிசீவரில் 'தூரம்' என்று போட்டிருப்பது உண்மையில் நேரம். ஒலி ஒரு மில்லிவிநாடியில் ஓர் அடிக்குச் சற்று அதிகமாகப் போகும், அந்தக் கணக்கில் எல்லாச் சத்தமும் காதுக்கு ஒன்றாக வந்துசேர அருகில் இருப்பதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று தன் பங்குக்கு ஏற்கெனவே சில மில்லிவிநாடி தாமதிக்கிறது. மைக் அதையும் சேர்த்துத்தான் 17 என்றது. நான் 9 என்று போட்டதும், 'சப் பக்கத்தில்தான் இருக்கிறது' என்று நம்பி ரிசீவர் அதை இன்னும் தாமதப்படுத்தியது. 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 14 அடி, பாதி அலை 7 அடி. நான் தப்பாக்கியது 8 அடி. முன் ஸ்பீக்கர் கூம்பு வெளியே தள்ளும்போது சப் உள்ளே இழுத்திருக்கிறது. கிராஸ்ஓவர் இருக்கும் அதே இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

ஆக, மற்ற ஐந்துக்கும் டேப் பிடியுங்கள், சப்புக்கு மட்டும் காதும் மீட்டரும்தான். டோன் எழுப்பும் ஒரு ஆப்பில் 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஸ்டீரியோவாக ரிசீவருக்கு அனுப்பி, முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து பாடும்போது மீட்டரைப் பாருங்கள். சப்பின் பின்னாலுள்ள ஃபேஸ் சுவிட்சை 0-விலும் 180-லும் வைத்துப் பார்த்து, எதில் எண் அதிகமோ அதில் விடுங்கள். பிறகு சப் தூரத்தை ஒவ்வோர் அடியாக ஏற்றி இறக்கி, அதிகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். இங்கே போன் மைக் பரவாயில்லை, ஒரே அலைவரிசையில் கூடுகிறதா குறைகிறதா என்றுதானே பார்க்கிறோம்.

சப்பிலேயே ஒரு கிராஸ்ஓவர் குமிழ் இருக்கும். அதை 'எல்எஃப்இ' என்று எழுதிய இடத்துக்கோ அதிகபட்சத்துக்கோ திருகி மறந்துவிடுங்கள், அந்த வேலையை ரிசீவர் பார்க்கிறது. வால்யூம் குமிழைப் பாதியில் வையுங்கள். ரிசீவரில் சப் லெவல் மைனஸின் கடைக்கோடியில் போய் நின்றால் சப்பின் குமிழ் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம், குமிழைக் குறைத்து ஆட்டோவை மறுபடி ஓட்டுங்கள். குறைந்த வால்யூமில் சப் தூங்கித் தூங்கி விழுந்தால் ஆட்டோ ஸ்டாண்ட்பையை எடுத்துவிட்டு ஆனில் வையுங்கள். அல்லது சப்பின் குமிழைக் குறைத்து ரிசீவரில் அதே அளவு ஏற்றுங்கள், விழித்துக்கொள்ளும்.

"பாஸ் ஒரே குடைச்சல்"

எண்ணால் இதைச் சரிசெய்ய முடியாது, அறைதான் காரணம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் தங்கிவிடும். 12 அடி என்றால் சுமார் 47 ஹெர்ட்ஸ், 14 அடி என்றால் 40. சப் மூலையில் இருந்தால் இது உச்சம், நீங்கள் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தால் அதைவிட உச்சம். சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். முடிந்தால் சப்பைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பாஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, அறை ஓரமாகத் தவழ்ந்துபோய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா அடியும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பார்க்கக் கேவலமாக இருக்கும், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசனத்திலும் எதிரொலி இருந்தால் அது டைல்ஸ் தரை. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமக்காளம் ஒன்றை விரியுங்கள், ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். குடைச்சலுக்கு இது உதவாது, குரலுக்கு உதவும்.

"கடகடன்னு கிழியுது"

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயப்படும் முன் 30-லிருந்து 80 ஹெர்ட்ஸ்வரை டோனை மெல்ல ஏற்றிக்கொண்டே அறையைச் சுற்றி நடங்கள். எங்கள் வீட்டில் 42-ல் ஷோகேஸ் கண்ணாடி பாட ஆரம்பித்தது, உள்ளே எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் போட்டன. கண்ணாடி ஓரத்தில் ஒரு துண்டு ஃபோம் ஒட்டினேன், தீர்ந்தது.

"ம்ம்ம்ம்னு இரையுது"

சப்பிலிருந்து விடாமல் இரைச்சல் வந்தால் பின்னால் வரும் சப் கேபிளைப் பிடுங்குங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்துக்கு நடுவே மின்சாரம் சுற்றி ஓடுவது. டிடிஎச் அல்லது கேபிள் ஒயரைப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள், டிஷ்ஷிலிருந்து வரும் அந்த ஒயர்தான் பல வீட்டில் காரணம். சப்பையும் ரிசீவரையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் மாட்டுங்கள். எர்த் பின்னை உடைத்தால் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நிற்கும்தான், ஆனால் ஷாக் அடித்தால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

"வாய் ஒண்ணு, சத்தம் ஒண்ணு"

சத்தம் முந்தி வந்தால் ரிசீவரின் ஆடியோ டிலே அல்லது லிப் சிங்கை 20 மில்லிவிநாடியாக ஏற்றிப் பாருங்கள். சத்தம் பிந்தி வந்தால் முதலில் அந்த எண்ணை 0 ஆக்குங்கள், டிவியின் சவுண்ட் மெனுவிலும் இதே போல ஒரு டிலே இருந்தால் அதையும். ஒரே ஒரு ஆப்பில் மட்டும் இப்படி என்றால் ஆப்பை மூடித் திறங்கள், ரிசீவரைத் தொடவே வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகு எண்களை மறுபடி படம் எடுத்துவிடுங்கள். யாராவது ஆர்வத்தில் மைக்கைச் செருகி ஆட்டோவை மறுபடி ஓட்டினால் நீங்கள் கையால் போட்டதெல்லாம் அழிந்துவிடும். நான் ஒரு தாளில் எழுதி ரிசீவர் தட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், சப் தூரம் 17-க்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு போட்டு.